இருநூறாவது பிரசவம்

மார்ச் 14, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சியில் மாநிலத்தின் வரைபடத்தைக் காட்டினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவு வந்துவிட்டதாம். கடற்கரைப் பக்கம் முழுக்க அடர்சிவப்பு. நடுவில் ஆரஞ்சு. மேலே வர வர நிறம் வெளுத்துக்கொண்டே வந்து, எங்கள் மலைப்பகுதி சோகை பிடித்த முகம் மாதிரி வெளிர்மஞ்சளாக நின்றது. மாநிலம் மொத்தத்தில் வளர்ந்திருக்கிறது என்று அந்தப் பெண் சிரித்தபடி வாசித்தாள். எங்கள் பகுதியில் பத்து வருஷத்தில் ஐந்தில் ஒருவர் காணாமல் போயிருக்கிறார். அதைச் சொல்லும்போதும் அதே சிரிப்புதான்.

வார்டில் துடைப்பது, துவைப்பது, தூக்குவது எல்லாம் பெரியக்காதான். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்: "காணாமப் போனவங்கள்ல பாதிப் பேர நாமதான் சிஸ்டர் வெளிய இழுத்துப் போட்டோம். வளந்ததும் நன்றியே இல்லாம கீழ எறங்கி ஓடிட்டாங்க."

சிரித்தோம். பிறகு வார்டுக்குத் திரும்பினேன். பன்னிரண்டு கட்டில். இரண்டில் ஆள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தரையில் மெத்தை போட்டும் இடம் பத்தாமல் தாய்மார்கள் சண்டை போட்டார்கள். அப்போது ஆலை ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஷிப்ட். சங்கு ஊதினால் தெரு நிறைந்துவிடும்.

மார்ச் 29, புதன்

உத்தரவு வந்துவிட்டது. வருஷத்துக்கு இருநூறு பிரசவத்துக்குக் கீழே போனால் அந்த வார்டை மூடிவிடுவார்கள். இந்த வருஷக் கணக்கைப் பார்த்து முடிவு செய்வார்களாம். போன வருஷம் எங்களுக்கு நூற்று எண்பத்தொன்று.

மூடினால் எங்கள் பெண்கள் பள்ளத்தாக்கில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பாதை நன்றாக இருந்தால் ஒன்றரை மணி நேரம். பாதை எப்போது நன்றாக இருந்தது?

டாக்டரம்மா உத்தரவை மேஜைமேல் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஆள் இல்லேன்னு டாக்டர எடுப்பாங்க சிஸ்டர். டாக்டர் இல்லேன்னு இருக்கற ஆளும் போயிடும். அப்புறம், பாத்தீங்களா, நாங்க சொன்னது சரிதானேன்னு இன்னொரு வரைபடம் போடுவாங்க."

எனக்கு வயிறு எரிகிறது. ஊரில் பாதிப் பேர் முதன்முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். இந்த வார்டை என் கண் முன்னால் பூட்ட விடமாட்டேன். விடமாட்டேன் என்று எழுதுவது சுலபம். பிள்ளையை எங்கே போய் வாங்குவது?

ஏப்ரல் 9, ஞாயிறு

கூச்சத்தை விட்டுவிட்டேன். இன்று சந்தையில் வயிறு கொஞ்சம் எடுப்பாகத் தெரிந்த எவளையும் விடவில்லை. ஒருத்தி, "இது வெறும் கொழுப்பு சிஸ்டர்" என்றாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தேன். மேல்தெருவில் பிள்ளைகள் கடற்கரைக்குக் குடிபோன வீடுகளுக்கும் போய், "உங்க மக, மருமக யாராவது முழுகாம இருந்தா இங்க வரச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்ற இரண்டு நர்ஸ்களும் அப்படியே. பெரியக்கா தன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, கல்யாணமாகாத பெண்ணைக்கூட விசாரித்திருக்கிறாள்.

தையல்காரி கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். அவளுக்கு ஒரு மகன். நான்தான் பார்த்தேன். வகுப்பில் அவனோடு சேர்த்து ஆறு பேராம்.

"இன்னொண்ணு பெத்துக்கயேன்" என்றேன்.

"வார்டு இருக்குமான்னு நீங்க சொல்லுங்க. இருந்தா உங்க கையிலயே பெத்துக்கறேன். இல்லாட்டி எனக்கெதுக்கு வம்பு?"

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஒரு வேனைக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. "வேனும் ரொம்பல" என்றார். அவ்வளவுதான் பேசினார். இவர் எப்போதுமே கஞ்சன், வார்த்தையில்.

மே 21, ஞாயிறு

குட்டி போன் செய்தாள். என் மகள் தாயாகப் போகிறாள்.

கல்யாணமாகி நான்கு வருஷம். கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தேன். இன்று அவளே சொல்லிவிட்டாள். இவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியா? சாப்பிட்டியா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஜனவரி முதல் வாரம் என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

இதையும் எழுதிவிடுகிறேன். முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்து வந்த நினைப்பு — அடடா, ஒரு வாரம் முந்தியிருந்தால் இந்த வருஷக் கணக்கில் சேர்ந்திருக்குமே. சீ. என்ன மனுஷி நான்.

ஜூலை 16, ஞாயிறு

மூன்று நாள் லீவு போட்டுக் கடற்கரைக்குப் போய் வந்தேன். அம்மாடி, என்ன கூட்டம். ரயிலடியிலிருந்து குட்டியின் வீடு வரை யாராவது ஒருவருடைய முழங்கை என் விலாவிலேயே இருந்தது. ஆறாவது மாடியில் ஒரே அறை. அதற்கே மாப்பிள்ளையின் சம்பளத்தில் பாதி போகிறது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் அந்த ஒரு கட்டடத்தில் எட்டு வீடு. எங்கள் தெருவில் பார்க்க முடியாதவர்களை எல்லாம் அந்தப் படிக்கட்டில் பார்த்தேன்.

அவளைப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தலைமாடு கால்மாடாக. வராந்தாவில் பாய். ஒரு நர்ஸ் ஓடிக்கொண்டே பிஸ்கட் தின்றாள். நாள் முழுக்க அவள் சாப்பிட்டது அது மட்டும்தானாம். அவளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "இங்க கெடந்து ஏன்டி அல்லாடறே? அங்க பத்துக் கட்டில் சும்மா கெடக்கு. அம்மா இருக்கேன், அப்பா இருக்காரு."

குட்டி புருஷனைப் பார்த்தாள். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, "இங்க கூட்டம்தான் அத்தை. ஆனா எல்லா டாக்டரும் இருக்காங்க" என்றார்.

"எங்ககிட்டயும் டாக்டர் இருக்காங்க மாப்பிள்ளை. நாங்க என்ன காட்டுலயா இருக்கோம்?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் எழுந்து கை கழுவப் போனார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வருவதாகச் சொல்லிவிட்டாள்!

செப்டம்பர் 12, செவ்வாய்

டாக்டரம்மாவுக்கு மாற்றல். கடற்கரைக்கு. வேறு எங்கே? அங்கே ஆள் பத்தவில்லை, இங்கே ஆளே இல்லை என்று மேலதிகாரி கணக்குச் சொன்னாராம். அவருக்குப் பதிலாக மாதத்துக்கு ஒருவர் என்று சுழற்சியில் டாக்டர்கள் வருவார்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரையும் பள்ளத்தாக்கோடு பங்கு போட்டுவிட்டார்கள். இனிமேல் திங்கள், புதன், வெள்ளி மட்டும் வருவார். நாங்கள் அவரைத் தூக்கக்காரர் என்போம். "இனிமே வாரத்துல மூணு நாள்தான் அறுக்கலாம். பிள்ளைங்ககிட்ட யாராவது சொல்லி வைங்க" என்று பெரியக்கா கிண்டல் செய்தாள். சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், உங்க பொண்ண மேல கூட்டிட்டு வரணுமா? நானே கீழதான் இருக்கப் போறேன். யோசிங்க."

யோசிக்கிறேன் என்றேன். கோபம் வந்தது. தலைமை நர்ஸே தன் மகளைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டால், நான் சந்தையில் கூவிக் கூவி அழைத்தவர்கள் என்ன நினைப்பார்கள்? காறித் துப்புவார்கள். இத்தனை வருஷத்தில் என் கையில் எத்தனை பிள்ளை. என் பேரப்பிள்ளையையா விட்டுவிடுவேன்?

குட்டியிடம் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லவில்லை. பயப்படுவாள்.

அக்டோபர் 31, செவ்வாய்

நூற்று அறுபத்தாறு. போன வருஷம் இதே நாள் கணக்கை முந்திவிட்டோம். கூவியதற்குப் பலன் உண்டு. கீழேயிருந்து மூன்று பெண்கள் வந்து பெற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நவம்பர் 26, ஞாயிறு

குட்டி நேற்று வந்துவிட்டாள். பள்ளத்தாக்கு ரயிலடிக்கு வேனில் இவர்தான் போய் அழைத்து வந்தார். பாதையில் குழி வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில் ஒன்றரை மணி நேரம் மூன்றாகிவிட்டது. "அப்பா ஓட்டுனதுக்கு நான் நடந்தே வந்திருக்கலாம்" என்றாள். வீட்டில் சத்தம் கேட்டே எத்தனை நாள். குளியலறையில் பாடுகிறாள், விளக்கை அணைக்காமல் போகிறாள், நான் திட்டுகிறேன். நன்றாக இருக்கிறது.

தையல்காரி நான்கு சின்னச் சட்டைகள் தைத்துக் கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலம்தான் ஒவ்வொன்றும்.

டிசம்பர் 22, வெள்ளி

நூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஊரே கேட்கிறது. ரொட்டிக் கடையில் சில்லறை கொடுக்கும்போது, "இன்னும் எத்தனை சிஸ்டர்?" மருந்துக் கடையில், "இன்னும் எத்தனை?" ஏதோ பந்தயம் நடக்கிற மாதிரி. நகர்மன்றத் தலைவர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்திக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன்.

டிசம்பர் 30, சனி

இன்னும் இரண்டு. வார்டில் ஆட்டுப்பண்ணைக்காரர் மனைவி வலியோடு இருக்கிறாள். அவளுக்கு இது மூன்றாவது, இருமினால் பிறந்துவிடும்.

குட்டிக்கும் மதியத்திலிருந்து லேசாக வலி. வருகிறது, போகிறது. கூட்டி வந்து கட்டிலில் போட்டுவிட்டேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். முட்டை கேட்டுச் சாப்பிட்டாள்.

டிசம்பர் 31, ஞாயிறு, காலை

பண்ணைக்காரர் மனைவிக்கு விடியும்போதே ஆண் குழந்தை. இனி ஒன்றே ஒன்று.

பெரியக்கா குட்டியின் வயிற்றைத் தட்டி, "ஏ பாப்பா, இன்னைக்கே வந்துடு. வார்டையே உன் பேருக்கு எழுதி வெக்கறோம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். குட்டியும்தான்.

வலி இன்னும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. இந்த மாத முறைக்கு வந்திருக்கும் சின்ன டாக்டர், நாளை வரை பார்க்கலாம் என்கிறார். நாளை திங்கள், தூக்கக்காரரும் இருப்பார் என்கிறார். சரிதான். ஆனால் நாளை என்றால் அடுத்த வருஷம். பனிக்குடத்தை உடைத்துவிட்டால் வலி பிடித்துக்கொள்ளும், பொழுது சாய்வதற்குள் பிறந்துவிடும். தலை இன்னும் சரியாக இறங்கவில்லை. கொஞ்சம்தான் மேலே இருக்கிறது. உடைத்தால் தானாக இறங்கும்.

டாக்டரிடம் பேசிப் பார்க்கிறேன்.

ஜனவரி 3, புதன்

முடியவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். யாரிடம் சொல்வேன்?

"தலை இன்னும் எறங்கலியே சிஸ்டர்" என்றார் சின்ன டாக்டர். "எனக்கு இது நேத்து இன்னைக்குப் பழக்கமில்ல டாக்டர்" என்றேன். என் வயசுக்கு மரியாதை கொடுத்துச் சரி என்றார். நான்தான் உடைத்தேன். இந்தக் கைதான். தண்ணீர் குபுக்கென்று வந்தது. அதோடு என் விரல்மேல் வழுவழுவென்று ஒன்று இறங்கியது. தொப்புள்கொடி. தலைக்கு முன்னால் கொடி வந்துவிட்டது.

தலை மேலே இருக்கும்போது உடைத்தால் இது நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? வரும் புது நர்ஸுக்கெல்லாம் நான்தானே சொல்லிக் கொடுத்தேன்? கொடிமேல் தலை அழுந்தினால் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும். உடனே வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும். திறக்க டாக்டர் இருந்தார். மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை.

கையை உள்ளே விட்டுத் தலையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்துக்கு அது ஒன்றுதான் செய்ய முடியும். இடுப்புக்குக் கீழே தலையணைகளை அடுக்கி, அப்படியே ஸ்ட்ரெச்சர், அப்படியே ஆம்புலன்ஸ். நான் மண்டி போட்டபடி அவள் காலடியில். கை உள்ளேயே. கொடி என் இரண்டு விரலுக்கு நடுவே துடித்துக்கொண்டிருந்தது. நல்ல துடிப்பு. திடமான துடிப்பு. இந்தா பார், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அன்று இவர் வேன் ஓட்டியது போல் மெதுவாக ஓட்டச் சொல்லவும் முடியாது, வேகமாக ஓட்டச் சொல்லவும் முடியாது. ஒவ்வொரு குழியிலும் தலை என் கையில் மோதும். கை மரத்துப்போனது. விட்டேனா? விடலியே. சத்தியமா நான் விடல.

"அம்மா, பாப்பா இருக்கா?"

"இருக்குடி."

ஆலையின் இடிந்த சுவரைத் தாண்டும்போது துடிப்பு குறைய ஆரம்பித்தது. விட்டு விட்டு வந்தது. அப்புறம் ஆற்றுப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் — இல்லை. விரலை அசைத்து அசைத்துத் தேடினேன். இல்லை.

"அம்மா, இருக்கா?"

"இருக்கு. நீ பேசாதே."

கையை எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும் அவளுக்கு. பள்ளத்தாக்கு வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு போனேன். அங்கே உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். எல்லாம் தயாராக இருந்தது அங்கே. பெண் குழந்தை. நல்ல எடை. அழவில்லை.

குட்டிக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. பிழைத்துவிட்டாள். பிழைத்துவிட்டாள். அதை இரண்டு தடவை எழுதுகிறேன்.

பிரசவம் அங்கே நடந்ததால் அவர்கள் கணக்கில் சேர்ந்தது. எங்கள் வருஷம் நூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு முடிந்தது.

ஜனவரி 14, ஞாயிறு

மாப்பிள்ளை முதல் நாளே வந்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சுவரைப் பார்த்துக்கொண்டே, "அங்க வராந்தாவுல படுத்திருந்தாலும் பரவாயில்ல அத்தை. வராந்தா முடியற எடத்துல தியேட்டர் இருந்துச்சு" என்றார்.

உள்ளே போனேன். குட்டி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். தலையைத் தடவினேன். தடவ விட்டாள். பிறகு கேட்டாள்.

"நாளைக்கு ஒடச்சிருந்தா என்னம்மா?"

நான் ஏன் பொறுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். பெரியக்கா வயிற்றைத் தட்டிச் சொன்னபோது அவளும்தானே சிரித்தாள்.

ஜனவரி 17, புதன்

மாப்பிள்ளை அவளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இவர் வேனில் ரயிலடி வரை கொண்டுபோய் விட்டார். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். குட்டி கையசைக்கவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் வேனைக் கழுவினார். சுத்தமாக இருந்த வேனைத் திரும்பவும் கழுவினார்.

பிப்ரவரி 8, வியாழன்

நகர்மன்றத் தலைவர் வீட்டுக்கு வந்தார். சுகாதாரத் துறையிலிருந்து அதிகாரி ஒருவர் வருகிறாராம். "ஒண்ணே ஒண்ணு கொறஞ்சதுக்கு மூடறது அநியாயம். உங்க வீட்டு விஷயத்த எடுத்துச் சொன்னா மனசு எளகிடுவாரு. ஒரு வருஷம் தள்ளிப் போட்டாக்கூடப் போதும். நீங்க பேச வேண்டாம்மா, சும்மா வந்து நின்னாப் போதும்."

தலைவர் போனபின் இவர் என்னைப் பார்த்தார். "நிப்பியா?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

பிப்ரவரி 15, வியாழன்

நகர்மன்றக் கூடம் நிறைந்திருந்தது. இந்த ஊரில் இத்தனை பேர் மிச்சமிருக்கிறார்களா என்று தோன்றியது. பெரும்பாலும் நரைத்த தலைகள். தையல்காரி முன்வரிசையில். பெரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்.

தலைவர் நன்றாகப் பேசினார். கடற்கரை வீங்குகிறது, மலை வற்றுகிறது, இருப்பவர்களையும் துரத்தாதீர்கள் என்றார். கைதட்டினார்கள். பிறகு என்னைக் காட்டினார். "இந்த அம்மா தன் பேத்தியையே இந்த வார்டுக்காகக் கொடுத்திருக்காங்க."

கொடுத்தேனாம்.

அதிகாரி கெட்டவராகத் தெரியவில்லை. களைத்துப்போன மனிதர். அவர் கண் கலங்கியது. "ஒண்ணுதான் குறையுது. இதுக்கு ஒரு வருஷம் விலக்கு வாங்கித் தர என்னால முடியும்னு நெனைக்கறேன்" என்றார். கூடமே எழுந்து நின்றது.

நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டேன். "மயக்க டாக்டர் தெனம் வருவாரா?"

"அது கஷ்டம்மா. ஆளே கெடைக்கறதில்ல. கெடைக்கறவங்களையும் கூட்டம் இருக்கற பக்கம்தான் போட வேண்டியிருக்கு."

"ஆபரேஷன் டாக்டர் நிரந்தரமா ஒருத்தர்?"

அவர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார்.

"அப்ப மூடிடுங்க."

தலைவர், "அம்மா வருத்தத்துல பேசறாங்க" என்றார். நான் எழுந்தேன். இதைத்தான் சொன்னேன், முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்: "வருத்தத்துல பேசல. தெறந்திருக்குன்னு போர்டு இருந்தா நம்பி வருவாங்க. நான்தான் வாங்க வாங்கன்னு தெருத் தெருவாப் போய்க் கூப்புட்டேன். கணக்குல ஒண்ணு கொறையுதுன்னு எம் பொண்ணுக்கு நாள் முந்தி, தலை எறங்காம, நானே பனிக்குடத்த ஒடச்சேன். டாக்டர் வேண்டாம்னாரு. அவர்மேல தப்பில்ல. விலக்கு குடுத்தா இந்த வருஷமும் எண்ணிக்கிட்டேதான் இருப்போம். டாக்டர் குடுங்க. இல்லாட்டி மூடுங்க."

யாரும் கைதட்டவில்லை. நான் உட்கார்ந்தபோது பெரியக்காவின் கை என் கையில் இல்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

ரொட்டிக் கடைக்காரன் சில்லறையை என் கையில் வைக்காமல் மேஜைமேல் வைத்தான். வெளியே வரும்போது யாரோ, "பேத்திய முழுங்கினது பத்தல, ஊரையும் முழுங்கிட்டா" என்றது காதில் விழுந்தது. ஒரு பெண் குரல். நான் பிரசவம் பார்த்தவளாகத்தான் இருப்பாள்.

ஏப்ரல் 1, திங்கள்

மூடிவிட்டார்கள். என்மேல் விசாரணை நடந்து ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வை நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றியது.

பெரியக்காவுக்கு வேலை போய்விட்டது. சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் வந்தாள். "நீங்க சொன்னது சரிதான் சிஸ்டர். ஆனா எனக்கு அம்பத்தெட்டு. நான் எங்க போவேன்?"

ஜூன் 20, வியாழன்

அதே அறை. அதே பன்னிரண்டு கட்டில். இப்போது முதியோர் வார்டு. பன்னிரண்டும் நிரம்பிவிட்டன, வெளியே காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கடற்கரையில், இவர்கள் இங்கே. என்னை இங்கேயே வைத்துக்கொண்டார்கள். துடைக்கிறேன், புரட்டிப் படுக்க வைக்கிறேன். தொட்டில்கள் இருந்த மூலையில் சக்கர நாற்காலிகள் நிற்கின்றன.

ஏழாம் கட்டில் பெரியவர் தினமும் என்னைத் தன் மகள் என்று நினைத்துக்கொள்கிறார். "எப்ப வந்தே?" என்று கேட்கிறார். "இப்பத்தான்" என்கிறேன்.

குட்டி ஞாயிறுதோறும் அப்பாவிடம் பேசுகிறாள். நான் அடுப்படியில் நின்று இவர் பேசுவதைக் கேட்பேன். "சாப்பிட்டியா?" என்பார்.

செப்டம்பர் 14, சனி

தையல்காரி வீட்டுக்கு வந்தாள். நகர்மன்றக் கூடத்தில் நான் பேசியதற்குப் பிறகு அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. வாசலிலேயே நின்றாள். வயிற்றைப் பார்த்ததும் புரிந்தது. எட்டாவது மாதம் முடியப் போகிறது.

"கீழ போகப் பயமா இருக்கு சிஸ்டர். போன தடவ ரெண்டு மணி நேரத்துல பொறந்திட்டான், உங்களுக்குத் தெரியும். வழியிலயே ஆயிட்டா? நீங்க வீட்டுக்கு வந்து பாத்துடுங்களேன். யாருக்கும் தெரிய வேணாம்."

"முடியாது" என்றேன்.

"உங்க கையிலதானே எல்லாரும் —"

"முடியாதுன்னு சொல்றேன்ல!"

கத்திவிட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். உள்ளே அழைத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வலி வந்தபின் கிளம்பக் கூடாது, இப்போதே போய்ப் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு மாதம் தங்கிவிட வேண்டும் என்றேன். பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியில் இப்போது எங்கள் ஊர்க் கூட்டமும் சேர்ந்து, தங்க ஒரு மூலைகூடக் கிடையாது. கடற்கரையில் இருக்கிறது, ஆனால் ஒரு மாத வாடகை அவள் ஆறு மாதம் தைத்தாலும் வராது. யாரையாவது தெரியுமா என்று கேட்டேன். "எனக்கு யாரத் தெரியும்? உங்களுக்குத்தான் அங்க வீடு இருக்கு" என்றாள். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இவர் பேசி முடித்ததும் போனுக்குக் கை நீட்டினேன். இவர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

"குட்டி, அம்மா பேசறேன்."

அவள் வைத்துவிடவில்லை. பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம், மாடிப்படியில் பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் கேட்டன. எனக்காக எதுவும் கேட்கப் போவதில்லை என்று முதலிலேயே சொன்னேன். தையல்காரி விஷயத்தைச் சொன்னேன். சட்டை தைத்துக் கொடுத்தாளே, அவள்தான் என்று சொல்ல வந்து சொல்லாமல் விட்டேன்.

"எத்தனாவது மாசம்?" என்றாள்.

"எட்டு."

"ஒரே ரூம்தான். கீழதான் படுக்கணும்."

"படுத்துக்குவா."

"அப்ப அனுப்பு. கடைசி வாரம் வரைக்கும் வெச்சிருக்காதே. இந்த வாரமே அனுப்பு."

"சரிடி." போனை வைத்திருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? "நானும் கூட வந்து விட்டுட்டு வரட்டுமா?"

பாத்திரச் சத்தம் நின்றது.

"வேணாம்மா. அவங்கள மட்டும் அனுப்பு."

செப்டம்பர் 19, வியாழன்

காலையில் தையல்காரியை ரயிலடிக்கு அனுப்பினேன். துணைக்கு அவள் மாமியார். மகனையும் கூட்டிக்கொண்டு போகிறாள், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவாளாம். திரும்பி வருவாயா என்று நான் கேட்கவில்லை. வேனில் அவன் ஒருவன்தான் பிள்ளை. இவர் குழிக்குக் குழி நிறுத்தி ஓட்டிக்கொண்டு போனார்.

ஏழாம் கட்டிலுக்குக் கஞ்சி கொடுக்க நேரமாகிவிட்டது என்று நான் அப்படியே வேலைக்குப் போனேன்.